வெல்டிங் மெஷினில் சிக்கிய புடவை நூல்

தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போய்த் தர ஆய்வு செய்கிற வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. பெண்களுக்கான ஐ.டி.ஐ. ஒன்றில் பல வருடம் எலக்ட்ரீஷியன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆள் பற்றாக்குறை என்று ஒரு நாள் ஆய்வுக் குழுவில் போட்டுவிட்டார்கள். அதிலேயே தங்கிவிட்டேன்.

வேலை இதுதான். அறக்கட்டளைகள் நடத்தும் பயிற்சி நிலையங்களுக்கு அரசு மானியம் தருகிறது. அந்த மானியம் அடுத்த வருடமும் வர வேண்டுமென்றால் நாங்கள் போய்ப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கட்டடம் இருக்கிறதா, இயந்திரங்கள் இருக்கின்றனவா, அவை ஓடுகின்றனவா, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, பிள்ளைகளுக்கு வேலை தெரிகிறதா என்று பார்ப்போம். ஒவ்வொரு இயந்திரத்தையும் செல்போனில் படம் எடுக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்பது படத்திலேயே பதிவாகும். அது அப்படியே துறையின் செயலிக்குப் போய்விடும். போன பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை. துறையிலிருந்து நான், தொழில் தெரிந்தவர் என்ற முறையில் வெளியிலிருந்து ஒருவர். என்னோடு வந்தவர் வாணியம்பாடிக்காரர். தோல் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். தோல் சுழலும் டிரம்களுக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததில் காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டு வந்துவிடுவார். எந்த நிலையத்திலும் கை நனைக்க மாட்டார்.

"தண்ணி குடிப்பேன். அதுக்கு மேல இன்னா குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க மேடம். பிரியாணி துன்னுட்டு எவன் மார்க்கைக் கொறைக்கிறது?" என்பார்.

அந்த வாரம் முதலில் ஆலங்காயம் பக்கத்தில் ஒரு நிலையத்துக்குப் போனோம். புதுக் கட்டடம், வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். தாளாளர் எங்களோடேயே நடந்து வந்தார். வெல்டிங் பட்டறையில் சக்கரம் வைத்த பெரிய மெஷின் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தைப் படம் எடுக்கக் குனிந்தபோது தகரத்தின் உடைந்த மூலையில் என் முந்தானை மாட்டிக்கொண்டது. கடுகு நிறக் கைத்தறிப் புடவை. பொங்கலுக்கு வாங்கியது. நான் நிமிர்ந்ததும் சர்ரென்று கிழிந்துவிட்டது. தாளாளர் பதறிப்போய், வேறு புடவை வாங்கித் தருகிறேன் என்றார். "புடவை வேணாங்க, அந்த மூலையை மடக்கி அடிங்க. பிள்ளைங்க கையைக் கிழிச்சிடும்" என்றேன்.

பிள்ளைகள் கேள்விகளுக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். இரண்டு பேர் பற்ற வைத்தும் காட்டினார்கள். சுமாராக இருந்தது. திரும்பும் வழியில் பாய் ஒன்று சொன்னார்.

"பசங்க கையைப் பாத்தீங்களா மேடம்? ரொம்ப சுத்தமாக்கீது. வெல்டிங் கத்துக்கிறவன் கையில நெருப்புப் பொறி பட்ட புள்ளியாவது இருக்கணும்."

எனக்கும் அது தோன்றியிருந்தது. ஆனால் சுத்தமான கைக்கு மதிப்பெண் குறைக்க எங்களுக்கு வழி இல்லை. உள்ளதை எழுதி அனுப்பினோம். நல்ல மதிப்பெண்தான்.

ஒரு நாள் விட்டு மலைக்குப் போனோம். புதூர்நாட்டுப் பக்கம் இருந்தது அந்த நிலையம். பஸ்ஸை நம்பினால் ஆய்வு முடியாது என்று வாடகை ஜீப் பிடித்தோம். புளி உலுக்கும் சமயம். வழியெல்லாம் மரத்தடியில் சாக்கு விரித்திருந்தார்கள். எங்கள் ஜீப்பிலேயே இரண்டு மூட்டை புளியை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஓட்டுநர் கேட்டார். பாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதையும் யாராவது லஞ்சம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

நிலையம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. சிமென்ட் ஷீட் கூரை. ஒரு பக்கம் தையல், ஒரு பக்கம் எலக்ட்ரீஷியன், கடைசியில் வெல்டிங். முதல்வருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அடிவாரத்து கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். டிப்ளமோ படித்தவர். வெல்டிங் சொல்லிக்கொடுக்க வந்தவர் பாதியில் போய்விட்டதால் அதையும் இவரே நடத்திக்கொண்டிருந்தார். காலையில் எங்களைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. ஆய்வு என்றால் எல்லோருக்கும் வேர்க்கும். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தையலும் எலக்ட்ரீஷியன் பிரிவும் நன்றாகவே இருந்தன. சாதனங்கள் குறைவு, பிள்ளைகள் நிறைய. ஒரு பையன் சுவர் போர்டில் ஒயரிங் செய்து காட்டியதை நான் என் பழைய மாணவிகளுக்கு அனுப்பிவைக்கலாம் போல இருந்தது. பிறகு வெல்டிங் பகுதிக்குப் போனோம். தரையெல்லாம் கறுப்பு. நடுவில் மெஷின் மட்டும் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. முன்பக்கத்தை எடுத்துவிட்டு, வழக்கம்போல் பின்பக்கத்தைப் படம் எடுக்கக் குனிந்தேன். முந்தாநாள் பட்ட பயத்தில் முந்தானையை முதலிலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். படத்தை எடுத்துவிட்டு நிமிரப் போனபோதுதான் பார்த்தேன். தகரத்தின் உடைந்த மூலையில் கடுகு நிற நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூலையை யாரும் மடக்கி அடிக்கவில்லை.

நூலை விரலால் தொட்டுப் பார்த்தேன். பாய் வந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"மேடம், இது ஆலங்காயத்துல பாத்த மெஷின்தானே?"

பட்டறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. தையல் பக்கத்தில்கூட ஒரு மெஷினின் சத்தம் நின்றது. முதல்வர் தரையைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். வெல்டிங் பிரிவில் ஒரே ஒரு பெண். மலைக்காரப் பெண், ஒல்லி. கையில் முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவள் முழங்கையிலிருந்து விரல் வரை சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

பாய் அவளிடமே கேட்டார். "நீ வெல்டிங் கத்துக்கினியாம்மா?"

"கத்துக்கினேங்க."

"இந்த மெஷின்லயா?"

அவள் முதல்வரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது நேத்து சாய்ந்தரம்தாங்க வந்துச்சு. நாங்க கீழ பட்டறைல கத்துக்கிறோம். சனி, ஞாயிறு."

"மேடம், ரூமுக்கு வாங்க" என்றார் முதல்வர்.

அறை என்பது தடுப்பு வைத்த ஒரு மூலைதான். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர்களுக்கென்று ஒரு மெஷின் இருந்ததாம். மலையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் போன மழைக்காலத்தில் உள்ளே இருந்த கம்பிச்சுருள் எரிந்துபோனது. பழுது பார்க்கவும் முடியவில்லை, புதிதாக வாங்க அறக்கட்டளையிடம் பணமும் இல்லை. மானியம் வந்தால் வாங்கலாம். ஆய்வில் தேறினால்தான் மானியம் வரும். மெஷின் இருந்தால்தான் ஆய்வில் தேற முடியும்.

"எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியலீங்க மேடம். ஆலங்காயம் தாளாளர் கிட்ட கேட்டேன். ரெண்டு நாளைக்கு எடுத்துக்கினு போ, எங்க ஆய்வு முடிஞ்சிடுச்சுன்னாரு. ஜீப்புல போட்டுக்கினு வந்தேன்."

"உடைஞ்ச மெஷினை அப்படியே காட்டியிருக்கலாமே."

"காட்டினா இன்னா எழுதுவீங்க?"

மெஷின் இல்லை என்று எழுதுவேன். வேறு எதை எழுத முடியும். அதை அவரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு என் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார். அந்தக் கிடங்கில் சிக்னல் கிடையாது. காலையிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போனிலேயே காத்திருந்தன. மலை இறங்கினால்தான் அவை கிளம்பும்.

"சிக்னல் வர்றதுக்குள்ள அந்தப் பின்பக்க போட்டோவ மட்டும் அழிச்சிட முடியுங்களா?" என்று கேட்டார். கெஞ்சலாகக் கேட்கவில்லை. பேனா இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார்.

"நீங்க இதைக் கேட்டதையும் நான் எழுதணும் சார். நீங்க கேக்கல, என் காதுல விழல. அப்படியே விட்டுடலாம்."

பாய் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது. திடீரென்று திரும்பி, "கீழ பட்டறைன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அது எங்கக்கீது? போய்ப் பாத்துடலாம்" என்றார்.

ஆய்வு விதிகளில் அப்படி ஒன்று இல்லை. நிலையத்துக்கு வெளியே போய்ப் பார்க்கக் கூடாது என்றும் இல்லை. எங்கள் ஜீப்பிலும் இன்னொரு ஜீப்பிலுமாக வெல்டிங் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஒரு பையனுக்குக் குமட்டல் வந்து வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் இறங்கி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறை அடிவாரத்தில் சாலையோரத்தில் இருந்தது. ஜன்னல் கிரில், கேட் எல்லாம் செய்கிற இடம். முதலாளி எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கேட் ஒன்றின் சட்டத்தை அளந்துகொண்டிருந்தவர், பாய் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் ஒண்ணும் தர்மத்துக்குச் சொல்லித் தரலீங்க" என்றார். "சனி, ஞாயிறுல புள்ளைங்க எனக்கு கிரைண்டிங் புடிச்சுத் தருதுங்க. நான் ராடு குடுத்து மெஷின விடறேன். எனக்கும் ஆள் கூலி மிச்சம்."

பாய் மூலையில் கிடந்த இரும்புப் பட்டைத் துண்டுகளைப் பொறுக்கி ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை நிமிர்த்தி நிறுத்திப் பற்ற வைக்க வேண்டும். ஆறியதும் மேசையில் உள்ள வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடிப்பார். தாங்கினால் தேர்ச்சி. அவர் தோல் தொழிற்சாலையில் ஆள் எடுத்ததே இப்படித்தானாம்.

பெரும்பாலானவை தாங்கின. குமட்டல் எடுத்த பையனின் துண்டு எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. எவ்வளவு அடித்தும் பட்டைதான் வளைந்தது, பற்றவைத்த இடம் அசையவில்லை. பட்டறை முதலாளியே வாங்கிப் பார்த்தார். இரண்டு பேருடையது உடைந்தது. அதில் ஒன்று அந்தப் பெண்ணுடையது.

"இன்னொரு தபா போடட்டுங்களா?" என்றாள்.

"பரீட்சைல ரெண்டாவது தபா கெடையாதும்மா" என்றார் பாய். சொல்லிவிட்டு இன்னொரு ஜோடித் துண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். இரண்டாவது தாங்கியது. நான் முதல் துண்டைத்தான் கணக்கில் எடுத்தேன். மற்றவர்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவில்லையே.

அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. என் போன் அதிர்ந்தது. படங்களை அனுப்பட்டுமா என்று செயலி கேட்டது. முதல்வர் பட்டறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பு என்ற இடத்தில் அழுத்தினேன். மெஷினின் பின்பக்கப் படமும் போனது. பட்டறையில் பிள்ளைகள் பற்றவைப்பதை எடுத்த படங்களும் போயின. அவர் திரும்பி, பிள்ளைகளை ஜீப்பில் ஏறச் சொன்னார். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தப் பெண் மட்டும் ஜீப்பிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

எங்கள் ஜீப் பிள்ளைகளோடு மலைக்குப் போய்விட்டதால் வாணியம்பாடி பஸ் பிடித்தோம். பாய் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சத்தமாகவே ரகசியம் பேசினார்.

"ஆலங்காயத்துல மெஷின் கீது, கத்துக்கிற ஆளு இல்ல. மேல ஆளு கீது, மெஷின் இல்ல. ரெண்டையும் ஒண்ணா சேத்தா ஒரு நல்ல காலேஜ் வரும். நீங்க அந்தப் போட்டோவ அனுப்பாம விட்டுட்டிருக்கலாம்."

"விட்டா, முன்பக்கப் படத்தை வெச்சு மெஷின் இருக்குதுன்னு பதிவாகும் பாய். அப்புறம் இவங்களுக்கு மெஷினே வராது. அதான் இருக்குதேம்பாங்க."

இது எனக்கு அப்போதுதான் தோன்றியது. படத்தை அனுப்பும்போது இதை யோசித்து அனுப்பவில்லை. பார்த்ததை அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பாய் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது கரெக்டுதான்" என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது, தன் பங்குக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். இந்தப் பிள்ளைகளுக்கு வேலை தெரியும், இவர்களை மெஷின் உள்ள இடத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்று பட்டறைத் தமிழில் எழுதினார். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மேலதிகாரி போன் செய்தார். இவ்வளவு நீளமாக எதற்கு எழுதியிருக்கிறீர்கள், மெஷின் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். இல்லை என்றேன். இரவல் மெஷினைக் காட்டினார்களா என்றார். ஆமாம் என்றேன். அப்படியே ஆலங்காயத்து நிலையத்தைப் பற்றியும் கேட்டேன். மெஷினை இரவல் கொடுப்பது விதிமீறல் இல்லையே என்றார். அவர்களுடைய மதிப்பெண் அப்படியே நின்றது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் அங்கே போய்ப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

மலை நிலையத்தின் வெல்டிங் பிரிவுக்கு ஒரு வருடம் புதுச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. அந்தப் பிரிவுக்கான மானியமும் நின்றது. தையலுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களை ஆலங்காயம் பக்கத்து நிலையத்தோடு இணைத்து உத்தரவு போட்டார்கள். பாய் எழுதிய பத்தியை யாரோ படித்திருக்க வேண்டும். சேதி கேட்டு அவர் சந்தோஷப்பட்டார். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அது ஆய்வு நடக்கும் இடம் இல்லை என்பதால் நானும் சாப்பிட்டேன்.

ஆனால் உத்தரவு போடுவது சுலபம். மலையிலிருந்து தினம் இறங்கி ஏற முடியாது. கீழே தங்க விடுதி இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஆலங்காயத்தில் ஒரு சின்னம்மா இருந்தார். அங்கே தங்கிப் படித்து முடித்தாள். இன்னும் சிலரும் எப்படியோ முடித்தார்கள். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். எல்லோரையும்விட நன்றாகப் பற்றவைத்த அந்தப் பையன் அண்ணனோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று பட்டறை முதலாளி போனில் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அவனுடைய துண்டு மட்டும் கண்ணிலேயே நின்றது. ஆலங்காயத்து நிலையத்துக்கு அடுத்த ஆய்வில் இன்னும் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. பிள்ளைகள் அருமையாக வெல்டிங் செய்கிறார்கள் என்று அந்தக் குழு எழுதியிருந்தது. செய்து காட்டியவர்களில் பாதிப் பேர் மலையிலிருந்து வந்தவர்கள்.

முதல்வரை அதற்குப் பிறகு போளூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். வேறொரு ஆய்வை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் நின்றிருந்தார். அவரே வந்து பேசினார்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"நல்லா இருக்கேன் சார். மலையிலதான் இருக்கீங்களா?"

"இல்லீங்க. அறக்கட்டளைல என்னை வெச்சுக்கல. இங்க ஒரு இன்ஸ்டிடியூட்ல சேந்துட்டேன். வூட்டயும் இங்கயே மாத்திக்கினோம்." சற்று நிறுத்தி, "மேல மெஷின் வந்துடுச்சு, தெரியுங்களா? ஸ்டெபிலைசரோட. தடை முடிஞ்சதும் குடுத்துட்டாங்க. நான் கிளம்பின அப்புறம்."

தெரியும் என்றேன். எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆய்வில் இல்லாத நேரம், குடித்தேன்.

"என் மேல கோவம் இருக்கா சார்?"

"இருந்துச்சுங்க. ரொம்ப நாள் இருந்துச்சு. புள்ளைங்க நின்னுட்டாங்க இல்ல, அதுல." தம்ளரைக் கையில் உருட்டினார். "ஆனா அன்னிக்கு மெஷின ஏத்திக்கினு வரும்போதே பாதி வழியில எறக்கிட்டுப் போயிடலாமான்னு நெனச்சேன். மனசே கேக்கல."

"ஏன் எறக்கல?"

"மழை வந்துடுச்சு" என்றார். "அடுத்தவன் மெஷின். நனைய விட முடியுங்களா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க இன்ஸ்டிடியூட்டுக்கு அடுத்த மாசம் ஆய்வாம். நீங்களா வர்றீங்க?"

"நான் வர மாட்டேன். தெரிஞ்சவங்க வேலை செய்ற இடத்துக்கு எங்களை அனுப்ப மாட்டாங்க."

"அதுவும் நல்லதுதாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையைக் குனிந்து பார்த்துக் கையை அசைத்தார்.